சில்லுக்குள் இருந்த சத்தம்

மஞ்சள் பிடி போட்ட நீண்ட ஸ்குரூ டிரைவர் ஒன்று என் கிளினிக் பையில் கிடக்கிறது. பிரஷர் பார்க்கும் கருவிக்கும் குழந்தைகளை நிறுக்கும் தராசுக்கும் நடுவில் அதற்கென்ன வேலை என்று தாய்மார் கேட்பதுண்டு. சைக்கிளுக்கு என்று சொல்லிச் சமாளிப்பேன். அதன் பிடி ஒரு பக்கம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கிறது. விசுவமடுவில் சைக்கிள் கடை வைத்திருந்த அண்ணை அதைத் தன் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தி அழுத்தி வந்த தேய்வு அது. சண்டையில் செல் குண்டு விழுந்து அவருக்கு இடது காது முழுவதும் போய்விட்டது, வலதில் பாதிதான் மிச்சம். ஓடும் இயந்திரத்தில் நுனியை ஊன்றிப் பிடியை எலும்பில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். எந்த இடத்தில் என்ன உரசுகிறது என்று அப்படியே சொல்லுவார்.

நான் இந்தப் பகுதியின் குடும்பநல மருத்துவமாது. ஊருக்கு மிஸ்ஸி. கர்ப்பிணிகளையும் பிள்ளை பெற்றவர்களையும் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதுதான் என் வேலை. பெற்றோலுக்கு நாள் முழுக்க வரிசையில் நின்ற காலத்தில் பற்றரி சைக்கிள் ஒன்று வாங்குவதென்று முடிவெடுத்து அண்ணையிடம் யோசனை கேட்டேன். "அவசரப்படாதேங்கோ மிஸ்ஸி. எங்கட ஒழுங்கையளுக்கு எது தாங்குமெண்டு விசாரிச்சு நானே எடுத்துத் தாறன்" என்றார். தலையாட்டிவிட்டு அடுத்த கிழமையே வவுனியாவுக்குப் பஸ் ஏறினேன். அங்கே கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய ஷோரூம். குளிர் காற்றில் கதிரையில் இருத்தி, குடிக்கச் சோடா தந்து, "மேடம்" என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, மறைத்து என்ன பயன்? புதுச் சைக்கிளில் அண்ணையின் கடையைத் தாண்டியபோது எதிர்ப்பக்கத்துத் தேக்கு மரங்களைப் பார்த்துக்கொண்டே போனேன். "நல்லாயிருக்கு மிஸ்ஸி!" என்று அவர் கத்தியது கேட்டது. கேட்காதது போல ஓடினேன்.

முதல் மாரி கழிந்த பிறகுதான் சத்தம் தொடங்கியது. கொஞ்சம் வேகம் எடுத்ததும் பின்சில்லுப் பக்கமிருந்து மெல்லியதாக, விடாமல் ஒரு இரைச்சல். சண்டையின் கடைசி மாதங்களில் எங்கள் தலைக்கு மேல் வட்டமடித்த ஆளில்லாத விமானத்தை நாங்கள் வண்டு என்போம். அது சுற்றிப் பார்த்துவிட்டுப் போனால் அந்த இடத்தில் செல் விழும். அதே இரைச்சல். பங்கருக்குள் என் தங்கையின் வாயைப் பொத்திக்கொண்டு கேட்ட அதே சத்தத்தின் மேல் ஏறியிருந்து நான் கடமைக்குப் போய்க்கொண்டிருந்தேன். உடம்பெல்லாம் வேர்த்துவிடும். மர நிழல் கண்ட இடத்தில் இறங்கி நின்று மூச்சு விடுவேன். நான் வருவது கேட்டு வாசலுக்கு வரும் பெண்களும் முதலில் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னைப் பார்ப்பார்கள்.

ஷோரூமுக்கு ஃபோன் எடுத்தேன். "அது நோர்மல் சத்தம் மேடம். ஓட ஓடப் பழகிடும்" என்றது ஒரு இனிமையான குரல். அப்படியென்றால் கோளாறு எனக்குத்தான் என்று முடிவு கட்டினேன். சத்தத்துக்குத் திடுக்கிடும் எத்தனையோ தாய்மாரை மனநல கிளினிக்குக்கு அனுப்பியவள், அதே வரிசையில் போய் நின்றேன். குளிசை தந்தார்கள், விழுங்கினேன். பகலெல்லாம் தூங்கி வழிந்தேன், சத்தம் மட்டும் போகவில்லை. இயந்திரத்தில் பழுது இருக்கலாம் என்ற எண்ணம் ஒரு நாளும் வரவில்லை. அந்தச் சண்டையிலிருந்து தப்பி வந்தவர்களுக்கே வரக்கூடிய மடத்தனம் இது. எது இரைந்தாலும் முதலில் எங்கள் தலையைத்தான் சந்தேகிப்போம்.

ஒரு நாள் காலை அண்ணை கிறீஸ் கையோடு நடுரோட்டுக்கு வந்து என்னை மறித்தார். "இறங்குங்கோ மிஸ்ஸி. எனக்கே கேக்குதெண்டால் பாருங்கோவன்" என்றார். நான் ஷோரூம்காரர் சொன்னதைச் சொன்னேன். குளிசையைப் பற்றியும், ஏனோ, சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "நானும் முதல்ல மேலதான் பாத்தனான். பிறகுதான் ரோட்டைப் பாத்தனான்" என்றார். சைக்கிளைத் தூக்கி நிறுத்திச் சில்லைச் சுழல விட்டு, ஸ்குரூ டிரைவரை மோட்டரில் ஊன்றிக் கேட்டார். பிறகு என் காதுக்குப் பின்னால் பிடியை வைத்தார். உள்ளே மணலை அரைப்பது போல ஒன்று கரகரத்தது. "கேக்குதோ? பெயரிங் துருப்பிடிச்சுக் கிடக்கு. இது உங்கட தலைக்குள்ள இல்லை மிஸ்ஸி, சில்லுக்குள்ள." நான் அழுதுவிட்டேன். அவர் திரும்பி நின்று, கையிலேயே இருந்த ஸ்பானர் சாவியை வெகுநேரம் தேடினார்.

"வொரண்டி கிடக்கு, கழட்டினால் அவங்கள் ஏதும் சொல்லுவாங்கள். கழட்டட்டோ?" என்று கேட்டார். "கழட்டுங்கோ அண்ணை" என்றேன். இந்த இரண்டு சொற்களையும் நான் மறந்ததில்லை. மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது. சைக்கிள் சத்தமே இல்லாமல் ஓடியது. அந்த மாதமே வைத்தியரிடம் சொல்லிக் குளிசையை விட்டேன்.

அடுத்த மாரியில் பற்றரி செத்துப்போனது. மோட்டருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் ஷோரூமில் மோட்டர் ஆணிகளைப் பார்த்தார்கள், கழற்றிய அடையாளம் இருந்தது. வொரண்டி இல்லை என்றார்கள். பிறகு மேலாளர் குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். எனக்குத் தெரியாமல், என் அனுமதியில்லாமல், உள்ளூர்க் கடைக்காரர் கழற்றிவிட்டார் என்று எழுதித் தந்தால் பற்றரி, மோட்டர் இரண்டையும் மாற்றித் தரலாமாம். "சும்மா ஃபைலில வைக்கத்தான் மேடம்." நான் எழுதினேன். பெயரையும் பதவியையும் போட்டுக் கையெழுத்தும் வைத்தேன். யாரும் என் கழுத்தைப் பிடித்து எழுதச் சொல்லவில்லை.

அது ஃபைலில் இருக்கவில்லை. ஷோரூம் ஆட்கள் வான் கொண்டுவந்து சந்தையடியில் நிறுத்தி, வெளியில் திருத்த வேண்டாம் என்று சொல்லி, என் கடிதத்தை ஃபோனில் படமாகக் காட்டினார்கள். ஊர் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? இந்த ஊரில் ஒவ்வொரு பிள்ளையின் கிளினிக் புத்தகத்திலும், ஊசிக்கும் நிறைக்கும் பக்கத்தில், என் கையெழுத்துத்தான் இருக்கிறது. முதலில் பற்றரி சைக்கிள்கள் அண்ணையிடம் போவது நின்றது. பிறகு மற்றவையும் நின்றன. சொல்லாமல் கழற்றுகிறவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் அவர் கிளினிக் கேற்றடிக்கு வந்தார். கழுவிய சேர்ட் போட்டிருந்தார். "மிஸ்ஸி, நீங்கள் எழுதினது உண்மையோ எண்டு ஆக்கள் கேக்கினம். நான் என்ன சொல்ல?" என்று கேட்டார். கோபமே இல்லை, உண்மையில் பதில் தெரியாமல்தான் கேட்டார். உள்ளே தாய்மார் இருபது பேர் வாங்கில்களில் இருந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு வார்த்தை போதும், அவர் பெயர் மீண்டிருக்கும். "கிளினிக் நேரம் அண்ணை, பிறகு கதைப்பம்" என்றேன். "ஓம், பிறகு கதைப்பம்" என்று போய்விட்டார். அன்றிலிருந்து வாய்க்கால் கரைப் பாதையால் சுற்றிப் போகத் தொடங்கினேன்.

சில மாதங்களில் கடையைப் பூட்டிவிட்டுக் கனகராயன்குளத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும்போது இந்த ஸ்குரூ டிரைவரைக் கிளினிக்கில் கூட்டித் துடைக்கும் அக்காவிடம் கொடுத்திருந்தார். "மிஸ்ஸியின்ர சைக்கிள் திரும்பக் கத்தினால் முதல்ல இதை வைச்சுக் கேக்கட்டாம். உடன குளிசை போட வேண்டாமாம்" என்று அக்கா ஒப்புவித்தாள். அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வவுனியா போகும் பஸ் கனகராயன்குளத்தில் நிற்கும்போதெல்லாம் இறங்க நினைக்கிறேன். இறங்கியதில்லை. எதிர்ப்பக்கத்து யன்னலால் பார்த்துக்கொண்டு போகிறேன்.

புது மோட்டரும் இப்போது இரையத் தொடங்கிவிட்டது. ஷோரூம் இலக்கம் பாவனையில் இல்லை என்கிறது ஃபோன். இன்று காலை பிள்ளை பெற்ற பெண்ணொருத்தியின் வீட்டு முற்றத்தில் சைக்கிளை நிறுத்தி, சில்லைச் சுழல விட்டு, ஸ்குரூ டிரைவரை வைத்துக் கேட்டேன். அதே கரகரப்பு. அந்தப் பெண்ணின் மாமி பேரனின் புத்தகத்தோடு வெளியே வந்து, வானத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தா.

"சில்லுக்குள்ள பழுது அம்மா. வேற ஒண்டுமில்லை" என்றேன்.

"முந்தியெண்டால் இங்க சைக்கிள் கடையில காட்டலாம். அந்தாள்தானே உங்களுக்குச் சொல்லாமல் கழட்டிப் பழுதாக்கினது?"

"இல்லை அம்மா. நான் கழட்டச் சொல்லித்தான் கழட்டினவர். அந்தக் கடிதத்தில நான் பொய் எழுதினனான்."

அவா சிரித்தா. "ஊரை விட்டுப் போன ஆளெண்டு பாவம் பாக்கிறியள் மிஸ்ஸி. நீங்கள் பொய்யுக்குக் கையெழுத்து வைப்பியளே? எனக்குத் தெரியாதோ உங்களை?" என்று சொல்லி, நிறை எழுதும் பக்கத்தை விரித்து நீட்டினா.

நான் ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேனையை எடுத்தேன்.