வலிக்காத ஊசி

ஊசி குத்திப் பிழைக்கும் எங்களுக்கு, "வலிக்கவே இல்ல" என்பதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. அக்குபங்சருக்கு முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் "வலிக்குமா?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கழுத்துவலியோ முட்டிவலியோ தாங்காமல் நீங்களும் எங்காவது மாடி ஏறியிருந்தால் அதைத்தான் கேட்டிருப்பீர்கள். டோல்கேட் பக்கத்தில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் உட்கார்ந்து பதினான்கு வருடமாக அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கீழே கன்டெய்னர் லாரி போனால் என் கட்டில் லேசாக ஆடும். லாரி தாண்டிப் போகும்வரை ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பேன். அவ்வளவு ஜாக்கிரதைக்காரி நான். அந்த ஜாக்கிரதையை எங்கே கோட்டை விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கழுத்துக்குக் கை

ஆரம்ப நாட்களில் ஓர் ஆட்டோக்காரர் வந்தார். காலையில் எழுந்ததிலிருந்து கழுத்து ஒரு பக்கமாகவே நிற்கிறது, பின்னால் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை என்றார். நான் அவர் புறங்கையில் ஊசியை வைத்தேன். கையிலிருந்து தோள் வழியாகக் கழுத்துக்கு ஒரு பாதை போகிறது, அந்தப் பாதையில் எங்கே தட்டினாலும் மேலே கேட்கும் என்பது சீன வைத்தியத்தின் கணக்கு. இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் குத்தினால் மனிதருக்குக் கோபம் வராதா?

"கய்த்து வலிக்குதுன்னா கைல குத்துறியே, பிரேக்கு புடிக்கலன்னா ஆரனையா கயட்டுவாங்க?"

நாக்கை நீட்டுங்கள்

நாங்கள் நாடியை மூன்று விரலால் பார்ப்போம். அப்புறம் நாக்கைப் பார்ப்போம். நாக்கின் நிறம், அதன்மேல் படிந்திருக்கும் வெள்ளையோ மஞ்சளோ, ஓரத்தில் பல்தடம் இருக்கிறதா என்பதெல்லாம் எங்களுக்கு முக்கியம். காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா வயிற்று உப்புசத்துக்கு வந்தார். நாக்கை நீட்டச் சொன்னால், தட்டு மாதிரி பளபளவென்று இருந்தது. டாக்டரம்மாவிடம் காட்டப் போகிறோமே என்று வழிப்பான் வைத்து நாலு தடவை வழித்துவிட்டு வந்திருக்கிறார், பாவம். எனக்கு வேண்டிய தடயத்தையெல்லாம் மரியாதைக்காகக் கழுவிவிட்டார். நான் கொஞ்சம் கடுகடுத்துவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

"அயுக்கு நாக்கத்தான் பாப்பன்னு மின்னாடியே சொல்லக்கூடாதா, ஒரு வாரமா தேய்க்காமலே வந்திருப்பேனே!"

போர்டில் இல்லாத பட்டம்

நான் டாக்டர் இல்லை. டிப்ளமோ படித்தவள். போர்டிலும் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் மாடி ஏறி வருகிற எல்லோரும் "டாக்டரம்மா" என்பார்கள். முதல் இரண்டு வருடம் ஒவ்வொருவரிடமும் திருத்தினேன். "நான் டாக்டர் இல்லீங்க, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுக்கு ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்" என்பேன். கீழே கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சிக்கு இது பொறுக்கவில்லை. என் பிழைப்பில் அக்கறையுள்ள மனிதர். அவர் ஒருநாள் சொன்னதற்குப் பிறகு நான் திருத்துவதை விட்டுவிட்டேன்.

"தாயி, டாக்டர் இல்ல டாக்டர் இல்லன்னு நீங்களே சொல்லிட்டிருந்தா, பொறவு எவன் மாடிப்படி ஏறுவான்?"

பூப் போன்ற கை

தேசிங்கு அண்ணன் அதற்கப்புறம் வந்தவர். வீடு மாத்தூர். மணலியில் ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பத்து வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதமும் மிளகாய் அரைத்துப் பூசிய மாதிரி எரிகிறது, தூக்கமே இல்லை என்றார். சர்க்கரை மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று சொன்னேன். அதை மட்டும் ஒழுங்காகச் சொன்னேன்.

பாத எரிச்சலுக்குக் கால்விரல் இடுக்குகளில் குத்துவோம். சுருக்கென்று ஏறுகிற இடம் அது. எப்பேர்ப்பட்ட ஆளும் அங்கே "அய்யோ" என்பார். முதலில் இவரும் காலை இழுத்துக்கொண்டார். போகப் போக இழுப்பது குறைந்தது, எரிச்சலும் குறைந்தது. சில மாதங்களில், ஊசி இறங்குவதே தெரியாமல் யார்டு கதை பேசிக்கொண்டு படுத்திருப்பார்.

ஊசி இறங்கியதும் "பாரமா இருக்கா, இழுக்குதா?" என்று கேட்க வேண்டும். எங்கள் படிப்பின் அரிச்சுவடி அது. அந்த உணர்வு வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று யோசிக்க வேண்டும். நான் கேட்கவும் இல்லை, யோசிக்கவும் இல்லை. என் கை அவ்வளவு பழகிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. புதிதாக வந்து பயப்படுகிறவர்களிடம், "அந்த அண்ணன் முகத்தைப் பாருங்க, சுளிக்குதா?" என்று அவரைக் காட்டுவேன். அவரும் கட்டிலில் படுத்தபடியே எனக்குச் சிபாரிசு செய்வார்.

"டாக்டரம்மா கையி பூவு மாரி, குத்துனாங்களா இல்லியான்னே தெர்ல, எரிச்சலும் பூட்ச்சு!"

ஷூவுக்குள் ஒரு நட்டு

மூன்று வாரம் அவரைக் காணவில்லை. பிறகு அவர் மனைவி கஸ்தூரி தனியாக வந்தார். யார்டில் அண்ணனுடைய ஷூவுக்குள் ஒரு நட்டு விழுந்திருக்கிறது. சுண்டுவிரல் தடிமன் இரும்பு நட்டு. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன்மேலேயே நடந்திருக்கிறார், அதே காலால் பிரேக் மிதித்திருக்கிறார். வீட்டில் சாக்ஸைக் கழற்றினால் ஒரே ரத்தம். வலிதான் இல்லையே என்று மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் வேலைக்குப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போனபோது வலது பாதத்தில் பாதியை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

பார்க்கப் போனேன். நான் நிற்கும்போதே ஒரு சின்ன வயது டாக்டர் வந்து, அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மிச்சமிருந்த இடது பாதத்தில் பஞ்சால் தடவினார். "எங்க தொடுறேன்?" என்றார். "இன்னும் தொடவே இல்லியே" என்றார் அண்ணன். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எரிச்சல் போனது குணமாகி அல்ல, நரம்பு உணர்ச்சி செத்துத்தான். வாரா வாரம் என் கண் முன்னால் அந்தக் கால் அசையாமல் கிடந்து அதைச் சொல்லியிருக்கிறது. நான் என் கைராசி என்று எடுத்துக்கொண்டேன். கால் இழுப்பது நின்ற அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால், காலை எப்படிப் பார்த்துக்கொள்வது, ஷூவை எப்படி உதறிப் போடுவது என்றாவது யாராவது சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "தப்பு என்னுதுதான் அண்ணே" என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

"அய்வாத டாக்டரம்மா, வலிக்கலன்னு சொன்னது நானு, நீயும் சந்தோசப்பட்ட, நானும் சந்தோசப்பட்டேன், இன்னா பண்றது."

கண்ணை மூடுங்கள்

இப்போது முதல் நாள் வருகிற யாருக்கும் உடனே ஊசி கிடையாது. "நான் டாக்டர் இல்லை" என்பதை மறுபடியும் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். சர்க்கரை இருந்தால் செருப்பைக் கழற்றி, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் பாதத்தைத் தொடுவேன். தெரியவில்லை என்றால் ஊசிப் பெட்டியைத் திறக்கவே மாட்டேன், கடிதம் எழுதி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவேன். கூட்டம் குறைந்துவிட்டது என்று அண்ணாச்சிக்கு வருத்தம்.

தேசிங்கு அண்ணன் இனி ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட முடியாது. யார்டு கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் குறிக்கிறார். போன மாதம் அங்கேயிருந்து ஒரு வெல்டர் குதிகால் வலி என்று வந்தார். பஞ்சு பட்டதும் கூச்சத்தில் காலை உதறினார். அதற்கப்புறம்தான் ஊசி வைத்தேன். கட்டிலிலிருந்து ஒரு முழம் எழும்பி விழுந்தவர் என்னை முறைத்தார்.

"தேசிங்கண்ணன் உன் ஊசி வலிக்கவே வலிக்காதுன்னு சொல்லி அனுப்ச்சாரு, இன்னா டாக்டரம்மா, உயிரு போவுது!"

வலியைப் போக்குவோம் என்று வாசலில் போர்டு மாட்டியிருக்கும் நான், வருகிறவர்களுக்கெல்லாம் கொஞ்சமாவது வலிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் இப்போது தினமும் கடையைத் திறக்கிறேன்.