கட்டி வைத்த கம்பி

மருத்துவமனை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும் 'எக்ஸ்பிரஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவ்வளவு அவசரக்காரி. ஆலயத்தில்கூட போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள் இவளுடைய ஆமென் வந்து நிற்கும்.

அவளுடைய இஸ்திரி இயந்திரத்தில் சூடான உருளைக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். ஈரத்துணி தடித்து உரசினாலும் நிற்கும். அந்தத் தொல்லை பொறுக்காமல் ஒருநாள் கம்பியை அசையாதபடி துணிக்கிழிசலால் கட்டி வைத்தாள். வேலை பறந்தது. இவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம், விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த நாத்தனார் இவள் இடத்தில் வந்து நின்றாள்.

அலறல் கேட்டு ஓடிவந்தாள். யாரோ மின்சாரத்தை அணைத்தார்கள். எல்லோரும் நாத்தனாரின் வலது கையை விடுவிக்கப் பதறிக்கொண்டிருக்க, இவள் கிழிசலை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கவனமில்லாம கையை விட்டுட்டாங்க" என்று மேற்பார்வையாளர் முடிவு கட்டினார். இவள் வாயைத் திறக்கவில்லை.

ஒரே வீடு. நாத்தனாருக்குச் சோறு ஊட்டினாள், தலை வாரினாள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "எங்க அண்ணி மாதிரி யாருக்கு வாய்க்கும்?" என்பாள் அவள். இவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஆறு வாரம் கழித்து, வீட்டு ஜெபத்தில் நாத்தனார் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஆண்டவரே, என் கவனக்குறைவால எல்லாருக்கும் கஷ்டம். என்னை மன்னியும். தாங்கிக்கப் பெலன் தாரும்."

இவளுடைய ஆமென் வரவில்லை. கணவன் கண்ணைத் திறந்தான்.

"ஏன், ஆமென் சொல்ல மாட்டியா?"

"எப்படிங்க சொல்லுவேன்? தப்பு அவ மேல இல்ல."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நாத்தனார் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கிழிசலை அவிழ்த்தப்ப நான் கத்திக்கிட்டு இருந்தேன், இல்ல அண்ணி?"

"ஆமா."

நாத்தனார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் இவள் மேற்பார்வையாளரிடமும் உண்மையைச் சொன்னாள். நாத்தனார் மேல் இருந்த பழி நீங்கியது. இவள் வேலை போனது. அதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. வீட்டில் அவள் முகம்கொடுத்துப் பேசாததுதான் கொன்றது.

"ஐயா, கர்த்தர் மன்னிப்பார்னு சொல்றீங்க. அவ எப்ப மன்னிப்பா?" என்று போதகரிடம் போய் அழுதாள்.

"அதுக்கு நாள் குறிக்க நீ யாரும்மா? நீ செய்ய வேண்டியது காத்திருக்கிறதுதான். தனியா காத்திருக்கல, அவர் கூட இருக்காரு."

காத்திருந்தாள். நாத்தனாரின் விரல்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தினமும் மூன்று வேளை வெந்நீர் வைத்துவிட்டு, பேசாமல் திரும்புவாள். போய்ச் சமையலறையில் முழங்கால் போடுவாள். சொல்ல வார்த்தை வராது, சும்மா இருப்பாள். மாதங்கள் போயின.

ஐந்தாவது மாதம் ஒரு காலையில், வெந்நீர் வைத்துவிட்டுத் திரும்பியபோது குரல் வந்தது.

"அண்ணி, இந்த ரெண்டு விரல் தானா மடங்கல. பிடிச்சு மடக்கி விடுங்க."

"வலிக்குமே."

"வலிக்கட்டும். மடக்குங்க."

மடக்கினாள். இருவர் கண்ணிலும் நீர்.

"கோபம் இன்னும் இருக்கு அண்ணி. ஆண்டவர்கிட்ட அதையும்தான் சொல்றேன். கொஞ்சம் கொஞ்சமா குறையுது."

"குறையுற வரைக்கும் இருக்கேம்மா. குறையலன்னாலும் இருக்கேன்."

அந்த இரண்டு விரல்களும் முழுதாக மடங்கவேயில்லை. மற்ற மூன்றால் நாத்தனார் பேனா பிடிக்கப் பழகி, அதே சலவைக்கூடத்தில் துணிகளைப் பதிந்து வாங்கும் வேலைக்குப் போகிறாள். இவள் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறாள். அந்த விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு இன்றும் சுருங்கும். ஆனால் ஞாயிறுதோறும் இருவரும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள்.