கண்ணாடிக் கதவும் கறுப்பு அங்கியும்

ஆற்காட்டில் புர்கா தைத்துப் பிழைத்த ஹாஜிரா பீ அந்நிய ஆணுக்கு முகம் காட்டியதில்லை. கண்புரை அறுவைக்காக மகன் இனாயத் அழைத்துவந்த மயிலாப்பூர் லாட்ஜில், பொதுக் குளியலறைக் கதவு முழுக்கக் கண்ணாடி. பட்டமளிப்புக்காக அங்கே தங்கியிருந்த நானும் அதைப் பார்த்துத் திகைத்துப்போனேன்.

“சீமை பேஷன் நைனா. வெளிச்சம் எப்டி வர்து பாரு” என்றார் முதலாளி மாசிலாமணி.

“உள்ள இருக்கறவங்களும் தெரியறாங்களே” என்றார் இனாயத்.

குளிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக ஹாஜிரா பீ மறுத்தார். ஊரிலிருந்து போட்டுவந்த ஒரே புர்காவைக் கதவில் தொங்கவிட்டு நனைத்தால், எதைப் போட்டுப் போவது?

“கண்ணு போனா போவட்டும். ஊருக்கு வண்டி பாரு பேட்டா” என்றார்.

என் பட்டமளிப்பு அங்கியை எடுத்துக் கதவில் மாட்டினேன். அவர் குளித்து, ஆஸ்பத்திரிக்கும் கிளம்பினார்.

மறுநாள் எங்கள் வம்சத்தின் முதல் பட்டத்தை ஈர அங்கியோடு வாங்கினேன்.