எட்டு மடிப்புத் தாள்

அச்சகத்தில் அவருக்கு மடிப்புக்காரர் என்றுதான் பெயர். மருந்துப் பெட்டிக்குள் வைக்கிற விவரத்தாளை எட்டாக மடிக்கும் இயந்திரம் அவர் பொறுப்பு. ஒரு நாளைக்கு நாற்பதாயிரம் தாள். அதில் ஒன்றையாவது படித்ததுண்டா என்று கேட்டால் போதும், முகம் சுருங்கிவிடும். "நான் மடிச்சதை நானே பிரிக்கிறதா?" என்பார். கொள்கை என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும்!

இத்தனைக்கும் அவரே வலிப்புக்கு மாத்திரை போடுகிறவர். ஆறு வருஷமாக ஒருமுறைகூட வரவில்லை. அச்சகத்தில் யாருக்கும் தெரியாது. தெரிந்தால் இயந்திரத்தின் பக்கமே விடமாட்டார்கள் என்ற பயம் அவருக்கு.

அப்போதுதான் வைரஸ் காய்ச்சல் வந்தது. "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். பின்னால் வரிசையில் அச்சகத்து மேஸ்திரி இருமிக்கொண்டிருந்தார். "இல்லீங்க" என்று சொல்லிவிட்டு, வைரஸுக்கான மாத்திரையோடு வீடு திரும்பினார் மடிப்புக்காரர்.

வீட்டில் மச்சான் காத்திருந்தார். மருத்துவம் படிக்காதது அவரை ஒருநாளும் தடுத்ததில்லை.

"ரெண்டு மாத்திரையும் உள்ள போய் சண்டை போடும் மாமா. காய்ச்சல் போற வரைக்கும் பழசை நிறுத்துங்க."

"டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நிறுத்தலாம்ல?" என்றாள் மனைவி. இரண்டு மேதைகள் பேசும்போது குறுக்கே வந்தது அவள் தப்பு.

வலிப்பு மாத்திரையை நிறுத்திய மூன்றாம் நாள் காலை, பல் துலக்கிக்கொண்டிருந்தவர் தடாலென்று விழுந்து வெட்டி வெட்டி இழுத்தார். அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்த மனைவிக்கு, போய்விட்டார் என்றே தோன்றியது.

"காய்ச்சலே வலிப்பைத் தூண்டும். மாத்திரையையும் திடீர்னு நிறுத்தினா?" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். "வலிப்பு மாத்திரை சாப்பிடுறதை முதல்லயே சொல்லியிருந்தா, அதோட ஒத்துப்போற மருந்தா கொடுத்திருப்பாங்க. பெட்டியில இருக்கிற தாளைப் படிக்கலையா?"

மச்சானுக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு போன் வந்தது. வெளியே போனவர் திரும்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி வலிப்பு மாத்திரைப் பெட்டியைத் திறந்து தாளைப் பிரித்தாள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது என்று தடித்த எழுத்தில் இருந்தது. மடிப்புக்காரர் கை நீட்டி வாங்கி, பழக்கதோஷத்தில் மடிக்கத் தொடங்கினார். அவள் வெடுக்கென்று பிடுங்கி, வாசலுக்கு நேரே சுவரில் ஒட்டினாள்.

"யாராவது வந்தா பார்த்துடுவாங்களே!"

"பார்க்கட்டும். நீங்க உசுரோட உட்கார்ந்திருக்கிறதையும் சேர்த்துப் பார்க்கட்டும்."