காலுக்கு வைத்த ஐஸ்

இன்று வெள்ளவத்தையில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது கணுக்கால் சுளுக்கிவிட்டது. "நடக்காதீங்கோ. காலை உயர்த்தி வைச்சு ஐஸ் பிடியுங்கோ" என்றார் டொக்டர்.

பிளாட்டில் தனியாகக் காலைத் தலையணையில் தூக்கி வைத்துப் படுத்தேன். உடனே பெல் அடித்தது. நொண்டிக்கொண்டு போய்த் திறந்தேன். விஷயம் கேள்விப்பட்டு வந்த மேல்மாடி ராணி அன்ரி, கையில் அப்பிள் பையோடு.

"ஏன் பிள்ளை எழும்பினனீ? நடக்கக்கூடாதெல்லே!"

சுகம் விசாரிக்க வந்தவரை ஒன்றும் குடிக்கக் கொடுக்காமல் அனுப்ப முடியுமா? நொண்டியபடியே தேசிக்காய்த் தண்ணி கரைத்தேன்.

"ஐஸ் இல்லையோ? சரியான வெக்கை."

காலுக்கென்று வைத்திருந்த ஐஸ் முழுவதும் அவருடைய கிளாசுக்குள் போனது.

குடித்து முடித்து என் காலைப் பார்த்தார்.

"நல்லா வீங்கியிருக்கு. நீ ஐஸ் வைக்கேல்லையோ?"

நாளைக்கு என்னைப் பார்க்க வர இருக்கும் சொந்தங்களே, இருக்கிற அப்பிளே போதும். கதவு திறந்தே இருக்கும். வரும்போது ஐஸ் கொண்டு வாருங்கள்.