நான் குடிக்காத பீடி

விருதுநகர் பஜாரில் எங்கள் அத்தாவின் வத்தல், மல்லிக் கடைக்குச் சரக்கு வாங்க வருகிறவர்களோடு மாப்பிள்ளை விசாரிக்க வருகிறவர்களும் வருவார்கள். இன்ன தெருவில் இன்னார் மகன் ஆள் எப்படி என்று கேட்பார்கள். அத்தா டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "தங்கமான பிள்ளை, தைரியமாக் குடுங்க" என்பார். ஒருமுறை சீட்டாட்டத்திலேயே கிடக்கும் ஒருவனைப் பற்றிக் கேட்டார்கள். "நாலு பேரோட நல்லாப் பழகுவாப்ல" என்றார் அத்தா. பொய் இல்லை. அந்த நாலு பேரும் அவனோடு சீட்டாடுகிறவர்கள். வெளியூர்க்காரன் வந்து கேட்டால் உள்ளூர்க்காரனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது எங்கள் பஜாரில் எல்லா மதத்துக்கும் பொதுவான சட்டம்.

அந்தப் புத்தியோடுதான் நான் ஊருணி வெட்டும் முகாமுக்குப் போனேன். அதனால்தான் ஏமாந்தேன். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்கப் போவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் அது. கல்லூரியில் எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். தாயில்பட்டிப் பக்கத்தில் விவசாயம் பார்க்கும் சம்சாரி வீட்டுப் பிள்ளை. வானம் பொய்த்த வருஷங்களில் அவனுடைய அக்கா ஊருக்குப் பக்கத்திலிருந்த பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போவாள். நாங்கள் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம். நோன்புப் பெருநாளன்று அவன் எங்கள் வீட்டில் சாப்பிடுவான். ஆடி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்கு அவர்கள் வண்டி கட்டினால் எனக்கும் அதில் ஓர் இடம் உண்டு.

ஒரு கோடை விடுமுறையில் அவன் ஊரில் ஊருணி வெட்ட வெளிநாட்டுத் தொண்டர்கள் எட்டுப் பேர் வந்தார்கள். கல்லூரியிலிருந்து நாங்கள் பத்துப் பேர் சேர்ந்துகொண்டோம். அவர்களுக்குத் தலைவி ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நாங்கள் டீச்சரம்மா என்று கூப்பிட்டோம். வந்த அன்றைக்கே மண்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறினாள். சும்மாடு வைக்கத் தெரியாமல் கூடை மூன்று தடவை சரிந்தது. ஊர்ப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள்.

முகாம் முடியும்போது எங்கள் பத்துப் பேரில் ஒருவனை அவள் தன் நாட்டுக்குக் கூட்டிப்போவாள் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். கப்பல் பயணம், ஓராண்டு அங்கே தொண்டு வேலை. திரும்பி வந்தால் இங்கே இதுபோன்ற முகாம்களை நடத்தும் தலைவன். எனக்கு அந்த இடம் வேண்டும். வெறியோடு வேண்டும் என்றுகூடச் சொல்லலாம். இல்லாவிட்டால் வாழ்நாள் முழுக்க வத்தல் மூட்டைக்கு நடுவே தும்மிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் டீச்சரம்மா எங்களை வட்டமாக உட்காரவைப்பாள். ஒவ்வொருவரும் தன் குணத்தைத் தானே சொல்ல வேண்டும். வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கூச்சமே இல்லாமல் சொன்னார்கள். ஒருவன் தனக்குப் பொறாமை அதிகம் என்றான். இன்னொருத்தி தான் சோம்பேறி என்றாள். எங்கள் முறை வந்தபோது பத்துப் பேரும் பெரியோரை மதிப்போம், கடுமையாக உழைப்போம் என்றோம். தன்னுடைய பயத்தையும் கோபத்தையும் தெரிந்துகொள்ளாதவன் பத்துப் பேரை நடத்த முடியாது என்று டீச்சரம்மா திரும்பத் திரும்பச் சொன்னாள். நாங்கள் பவ்யமாகத் தலையாட்டினோம்.

நாங்கள் தங்கவும் மண்வெட்டி, கடப்பாரை போட்டுவைக்கவும் அந்தப் பட்டாசுக் கம்பெனிதான் தன் வளாகத்தின் ஓரத்தில் காலியாகக் கிடந்த ஒரு கொட்டகையைக் கொடுத்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. கேட்டுக்கு உள்ளே ஒரு வேப்பமரம் நின்றது. அதைத் தாண்டிப் பீடியோ தீப்பெட்டியோ போகக் கூடாது. தாண்டினால் மருந்து அறைகள். அங்கே பெண்கள் வெறுங்காலோடு உட்கார்ந்து கரிமருந்து அடைப்பார்கள்.

ஒரு மத்தியானம் போர்மேன் மரத்தைத் தாண்டி, கொட்டகையின் பின்பக்கம் பாதி எரிந்த பீடி ஒன்றைக் கண்டெடுத்தார். சூடுகூட ஆறவில்லை. எங்களையும் வேலையாட்களையும் ஒன்றாகக் கூட்டி நிறுத்தி, யார் என்று கேட்டார். என் கூட்டாளி பக்கத்தில் நின்று என் மணிக்கட்டைப் பிடித்தான். "நான்தான் மச்சான்" என்று காதோரம் முணுமுணுத்தான். எதிரே அறை வாசலில் அவன் அக்கா நின்றுகொண்டிருந்தாள். அவன்தான் என்று தெரிந்தால் அக்காவின் வேலை போய்விடும். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் உலை கொதித்ததே அந்த வேலையால்தான்.

நான் பிறந்ததிலிருந்து பீடியை வாயில் வைத்ததில்லை. வைத்தால் அத்தா தோலை உரித்துவிடுவார். ஆனாலும் நான் டவுன்காரன், எனக்கு அங்கே இழக்க ஒன்றுமில்லை என்று நினைத்தேன். "நான்தான்" என்றேன்.

போர்மேன் அடிக்கவில்லை. அந்தப் பீடித் துண்டை என் கையில் கொடுத்து, ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். எல்லாப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவன் அக்கா பார்த்த பார்வைதான் இன்றும் சுடுகிறது. ஆடி வெள்ளிக்குத் தன் கையால் எனக்குச் சோறு போட்டவள் அவள். அன்று சாயங்காலம் என் கூட்டாளி ஊருணிக் கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன் மச்சான் என்றான்.

கடைசி வாரத்தில் டீச்சரம்மா ஆளுக்கொரு காகிதம் கொடுத்தாள். உங்களோடு அதிகம் வேலை செய்த ஒருவனைப் பற்றி எழுதுங்கள், உங்களைப் பற்றியும் எழுதுங்கள், நல்லது ஒன்று, குறை ஒன்று என்றாள். கிணற்றடியில் கால் கழுவும்போது நான் அவனிடம், இது மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரிதான், விட்டுக்கொடுக்காமல் எழுது என்றேன். அவன் சரி என்று தலையாட்டினான். அவனுக்கு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது என்று நான் எழுதினேன். குறை என்ற இடத்தில், அளவுக்கு மீறி உழைப்பான் என்று எழுதினேன். அத்தா பார்த்திருந்தால் மெச்சியிருப்பார்.

இரண்டு நாள் கழித்து டீச்சரம்மா என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டாள். கையில் அவன் எழுதிய காகிதம். எனக்குப் புரியும்படி ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். இவன் கோபக்காரன். அடுத்தவன் கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி எல்லாவற்றையும் தானே செய்வான், பிறரை வேலை செய்ய விடமாட்டான். பிறகு தன்னைப் பற்றி எழுதியிருந்தான். அந்தப் பீடி என்னுடையது, நான் பயந்துவிட்டேன், இவன் எனக்காகப் பொய் சொன்னான், எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இது உண்மையா என்று கேட்டாள்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கேட்டது வெளியூர்க்காரி. என் வாய் அத்தாவின் வாயாகிவிட்டது. இல்லை, பீடி என்னுடையதுதான் என்றேன். அவள் காகிதத்தின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

கப்பல் அவனுக்குத்தான். தன் பயத்தைத் தானே சொல்ல முடிந்தவனை நம்பி ஆட்களை ஒப்படைக்கலாம் என்று டீச்சரம்மா எனக்கு விளக்கினாள். நீ நல்ல நண்பன் என்றும் சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவன் ரயிலேறிய அன்று நான் ஸ்டேஷனுக்குப் போகவில்லை. அங்கிருந்து அவன் அனுப்பிய படக் கார்டுகளுக்குப் பதில் போடவும் இல்லை.

ஓராண்டு கழித்துத் திரும்பியவனை அந்தக் கம்பெனியே மேனேஜராக எடுத்துக்கொண்டது. சனிக்கிழமைதோறும் வேப்பமரத்தடியில் ஆட்களை வட்டமாக உட்காரவைத்து, அந்த வாரம் செய்த தப்பைப் பயமில்லாமல் சொல்லச் சொல்கிறான் என்று பஜார் வரைக்கும் பேச்சு வந்தது. மருந்தைச் சிந்தியவள் சிந்தினேன் என்று சொல்கிறாளாம், அதற்காக யாருக்கும் வேலை போவதில்லையாம். வேறு கம்பெனி முதலாளிகள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கே மனது இளகிவிட்டது. அவன் எழுதியதுதான் சரி, நான்தான் மடையன் என்று நினைத்துக்கொண்டு, ஐந்தாறு வருஷக் கோபத்தை மூட்டை கட்டிவைத்துவிட்டு ஒரு நாள் அவனைப் பார்க்கப் போனேன்.

கேட்டில் வாட்ச்மேன் எனக்கு முன்னால் போன இரண்டு பேரைச் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். என்னிடம் வந்ததும் வேட்டி மடிப்பைப் பிரிக்கச் சொன்னார். செருப்பைத் திருப்பிப் பார்த்து, அங்கேயே விட்டுப் போகச் சொன்னார். எனக்கு மட்டும் ஏன் இத்தனை சோதனை என்று கேட்டேன்.

"கோவிச்சுக்கிறாதீக. அன்னைக்குப் பீடியோட வாசல் வாசலா நின்ன ஆளு நீங்கதான? மேனேஜர்கூடச் சனிக்கிழமை தவறாம அந்தக் கதையத்தான் சொல்லுவாக. என் கூட்டாளி பீடி குடிச்சான், ஆனா தைரியமா ஒத்துக்கிட்டான்னு உங்களப் பெருமையாத்தான் சொல்லுவாக."

அவன் அறைக்குள் போனேன். எழுந்து கட்டிப்பிடிக்க வந்தான். கையை விலக்கினேன்.

"அந்தக் காகிதத்துல எழுதினத இங்கன ஒரு நாளாவது சொன்னியா?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. போய்க் கதவைச் சாத்தினான்.

"இந்தச் சனம் என்னைய நம்பித்தான் மருந்துக்குள்ள கைய வைக்குது மச்சான். அம்புட்டுப் பேரு உசுரும் அந்த நம்பிக்கையிலதான் இருக்கு. நானே வேப்பமரத்தத் தாண்டிக் குடிச்சவன்னு தெரிஞ்சா எவன் என் பேச்சக் கேப்பான்?"

"அங்கன சொன்னா கப்பல் கிடைச்சுச்சு. இங்கன சொன்னா என்ன கிடைக்கும்லே?"

அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். அக்காவிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். அவன் மேஜைமேல் இருந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினான். அவனை அங்கேயே அறைந்திருப்பேன். அறைந்தால் கோபக்காரன் என்று அவன் எழுதியது மெய்யாகிவிடும் என்றுதான் கையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாட்ச்மேன் என் செருப்பை எடுத்து ஜோடியாக வைத்தார். என் முகத்தைப் பார்த்து அவருக்குச் சங்கடமாகிவிட்டது போலிருக்கிறது. அவருக்குப் பின்னால் அறைகளின் கதவுகள் திறந்து கிடந்தன, பெண்கள் தலை குனிந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் அவன் அக்காவும் இருந்தாள்.

"உள்ளதச் சொல்லுங்க. இப்பவும் குடிக்கிறீகளா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

"விட்டு அஞ்சாறு வருசமாச்சு" என்றேன்.