பாசிமேல் ஏறிய கார்

இந்த ஊரில் கார் ஓட்டுகிறவர்கள் எதிரே வருகிற எல்லாருக்கும் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவார்கள். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுப்பதில்லை. ஆள்காட்டி விரல் மட்டும் எழுந்து அடங்கும். அயர்லாந்துக்கு வந்த ஒன்பது வருடத்தில் என் கணவருக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அப்பா ஒவ்வொரு விரலுக்கும் "யாரு மாப்ள அது?" என்று கேட்டார். தெரியாது என்று இவர் சொல்ல, தெரியாதவனுக்கு எதற்கு மரியாதை என்று அப்பா விழித்தார். மேற்குக் கடற்கரையோரம் ஒரு வாரம் சுற்றலாம் என்று கிளம்பிய முதல் நாளே இந்தக் கேள்வி நாற்பது தடவையாவது வந்திருக்கும்.

கடற்கரை என்றதும் மரக்காணம் மாதிரி மணலை நினைத்துக்கொள்ளாதீர்கள். இங்கே கடல் கரும்பாறையில் போய் முட்டும். ஆகஸ்டிலேயே குளிர் எலும்பைத் தொடும். அப்பா வேட்டிக்குள் இவருடைய பழைய பேண்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தார். எண்பதுகளின் நடுவில் அந்தப் பக்கத்து ஜனங்கள் எங்களைப் போன்றவர்களைப் பார்த்ததே இல்லை. பெட்ரோல் போட நிறுத்தினால் கடைக்காரர் அந்த வேட்டியை நன்றாகப் பார்த்துவிட்டு, நாகரிகமாக மழையைப் பற்றிப் பேசுவார்.

உல்லாசப் பயணம் என்பது வெளியே சொல்லிக்கொள்ளத்தான். அந்த வாரம் முடிந்ததும் அப்பா ஊருக்குத் திரும்புகிறார். எங்கள் ஏழு வயது மகள் மலரையும் கூட்டிக்கொண்டு போகிறார். திண்டிவனத்தில் பள்ளிக்கூடம் பார்த்தாயிற்று, டிக்கெட்டும் வாங்கியாயிற்று. எல்லாம் நாங்கள் செய்த கூத்துதான். வீட்டில் வேறு பாஷை பேசினால் குழந்தை குழம்பிப்போகும் என்று டீச்சர் சொன்னார். படித்த மூடர்கள், அதைக் கேட்டோம். தமிழில் கேட்டால் மலர் இங்கிலீஷில் பதில் சொன்னாள். பிறகு கேட்பதையே நிறுத்திவிட்டோம். தாத்தாவோடு பேசாத பேத்தி நம் பிள்ளையா, நான் வந்து கூட்டிப்போகிறேன் என்று அப்பா கடிதம் எழுதினார். இவர் தலையாட்டினார். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிற நான் அன்று வாயைத் திறக்கவில்லை. என் பெண் என் மனிதர்களுக்கு அந்நியமாகிவிடுவாளோ என்ற பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அவளுடைய துணிகளைப் பெட்டியில் அடுக்கும்போது அழுதுகொண்டேதான் அடுக்கினேன்.

நாலாம் நாள், படகுத்துறைக்கு இறங்குகிற ஒரு சின்னத் தார் ரோட்டில், பாதி அகலத்துக்குக் கருஞ்சிவப்பாக எதையோ காயப்போட்டிருந்தார்கள். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, மேல ஏத்திப் போங்க. பாவம், வண்டியே வராத ரோட்டுல பரப்பிட்டுக் காத்துக்கினு கீறாங்க."

எங்கள் நிலம் திண்டிவனத்தை அடுத்த ஒலக்கூர்ப் பக்கம். கேப்பை அறுத்தால் கதிரைக் கொண்டுவந்து ரோட்டில் பரப்பிவிடுவோம். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியைப் பிரித்துக் கொடுக்கும். ஒவ்வொரு வண்டி போனதும் கதிரைக் கிளறிவிடுவது சின்ன வயதில் என் வேலை. ஒதுங்கிப் போகிற கார்க்காரனை, ஏறினால் டயர் தேய்ந்துவிடுமா என்று அப்பா திட்டுவார். அந்தப் புத்திதான். விழுப்புரம் டவுனில் வளர்ந்த என் டாக்டர் கணவர் மாமனார் சொல்லைத் தட்டாமல் ஏற்றினார். ஒரு தடவை போதாது என்று ரிவர்ஸ் எடுத்து இன்னும் இரண்டு தடவை. நானும் பின்சீட்டிலிருந்து ஓரத்தில் விட்டுப்போனதைச் சுட்டிக்காட்டினேன்.

வீட்டுக்குள்ளிருந்து வாளியோடு ஒரு அம்மாள் வந்தார். அறுபது வயதிருக்கும். எங்களைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

அது கடல்பாசி. டில்லிஸ்க் என்பார்கள். இரண்டு நாள், கடல் உள்வாங்குகிற நேரம் பார்த்துப் பாறையில் பறித்தது; காயவைத்து அப்படியே தின்பார்கள். தின்கிற பண்டத்தின் மேல் டயரை ஏற்றியிருக்கிறோம். என் கணவர் எங்கள் ஊரில் இது உதவி என்று விளக்கப்போனார். கேலி செய்கிறோம் என்று நினைத்து அந்தம்மாவின் முகம் இன்னும் சிவந்தது.

அப்பாவுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் குந்தி, பாசியைப் பொறுக்க ஆரம்பித்தார். பொறுக்கிக்கொண்டே, இதை நல்ல தண்ணியில் அலசணுமா கடல் தண்ணியிலா, கேளுங்கள் என்றார். நாங்கள் வாய் திறப்பதற்குள் மலர் போய்க் கேட்டாள். அந்தம்மா குனிந்து அவளுக்கு ஏதோ சொன்னார். மலர் தாத்தாவிடம் ஓடிவந்தாள்.

"தாத்தா, கடல் தண்ணிதான் ஊத்தணுமாம். நல்ல தண்ணி ஊத்தினா கெட்டுப் பூடுமாம்."

கெட்டுப் பூடுமாம். நானும் இவரும் அப்படிப் பேசி எத்தனையோ வருடமாயிற்று. வந்திருந்த ஒரு மாதமாக அப்பா தனக்குத்தானே புலம்பியதையெல்லாம் காதில் வாங்கி, யாருக்கும் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாள். அதற்கப்புறம் அவள் வாய் ஓயவில்லை. அந்தம்மா சொல்வதை இங்கே, தாத்தா சொல்வதை அங்கே என்று கொண்டுபோய்க் கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஐந்து பேரும் சேர்ந்து அலசி, புல்லில் உதறிப் பரப்ப மத்தியானம் ஆகிவிட்டது. கேப்பைக் கதை விளங்கியதும் அந்தம்மா வாளியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீ கொடுத்தார். முன்னமே காய்ந்திருந்த பாசியில் ஒரு கைப்பிடி கொடுத்தார். அப்பா மென்று பார்த்து, கருவாடு மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது என்றார்.

திரும்பக் காரில் ஏறும்போது அப்பா முன்சீட்டில் உட்காரவில்லை. பின்னால் வந்து மலருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"எம்மா, பாப்பா இங்கியே இருக்கட்டும்," என்றார் கொஞ்ச தூரம் போனதும். "பேச்சு இல்லன்னுதான் இட்டுக்கினு போவ வந்தேன். பேச்சு கீது. பேசறதுக்குத்தான் ஆளு இல்ல. நீங்க ரெண்டு பேரும் அதுகிட்ட பேசுங்க."

இவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். அப்பா தனியாகத்தான் விமானம் ஏறப்போகிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்துக்கு அழுதேனா அதற்கு அழுதேனா, சொல்லத் தெரியவில்லை. மலர் தூங்கியிருந்தாள். தலை அப்பாவின் மடியில், ஈரம் காயாத ஷூக்களோடு கால்கள் என் மடியில். அடுத்த ஊர் வரும்வரை நானும் அப்பாவும் அசையவில்லை.